‘ஹவெவர்’ முன்னால் காற்புள்ளி போதுமா?

வணக்கம். ‘தி ரிப்போர்ட் இஸ் ரெடி, ஹவெவர், தி சார்ட்ஸ் ஆர் மிஸ்ஸிங்’ என்று நீங்கள் எழுதியதை மேலாளர் பிழையென்று வட்டமிட்டுத் திருப்பியதற்குக் காரணம் அந்த முதல் காற்புள்ளிதான். அதன் இருபுறமும் எழுவாயும் வினைமுற்றும் பெற்றுத் தனித்தே நிற்கக்கூடிய முழு வாக்கியங்கள் இருக்கின்றன. ஆங்கில உரைநடையில் அத்தகைய இரண்டைக் காற்புள்ளியால் மட்டும் ஒட்டுவது பிழையாகவே கொள்ளப்படுகிறது.

‘பட்’ போட்டிருந்தால் அதே காற்புள்ளி சரியாகியிருக்கும், ஏனெனில் அது இணைப்புச்சொல். ‘ஹவெவர்’ பொருளில் அதற்கு நெருக்கமானதாயினும் இலக்கண வகையில் வினையடை. வாக்கியங்களைப் பிணைக்கும் வேலை அதனுடையதன்று. ஐயம் வந்தால் சொல்லை நகர்த்திப் பாருங்கள்: ‘தி சார்ட்ஸ், ஹவெவர், ஆர் மிஸ்ஸிங்’ என்று உள்ளே தள்ளினாலும் வாக்கியம் நிற்கிறது, ‘பட்’டை அப்படித் தள்ள முடியாது. நகரும் சொல்லை நம்பி இரு வாக்கியங்களைக் கட்டக்கூடாது. ‘தேர்ஃபோர்’, ‘மோர்ஓவர்’ ஆகியவையும் இதே இனம்தான்.

ஆகவே ‘ரெடி’யை அடுத்து அரைப்புள்ளி (;) இடுங்கள், ‘ஹவெவர்’ என்பதை அடுத்த காற்புள்ளி அப்படியே இருக்கட்டும். முற்றுப்புள்ளி வைத்துப் புது வாக்கியமாகத் தொடங்கினாலும் தவறில்லை. அலுவல் மடல்களில் நான் பெரும்பாலும் அதையே செய்கிறேன்.

நம்மவர் இதில் வழுக்குவது இயல்பே. ‘வந்து, பார்த்து, சென்றார்’ என்பதில் காற்புள்ளிகள் வந்தாலும், வினையெச்சங்களே இணைக்கும் வேலையைச் செய்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் அந்த வசதி குறைவு.

முக்காற்புள்ளி (:) எப்போது என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டாவது வாக்கியம் முதலாவதை விளக்கினால் அதை இடலாம்: ‘தி ரீசன் இஸ் சிம்பிள்: நோபடி செக்ட் தி ஃபைல்.’