பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தாய் சி (மெதுவான அசைவுகள் கொண்ட சீன உடற்பயிற்சி), நடனம் போன்ற பயிற்சிகளால் உண்மையில் பலன் உண்டா?

உண்டு, ஆனால் மாத்திரைக்கு மாற்றாக அல்ல. விறைப்பும் மந்தமும் இந்நோய்க்குத் தரும் லெவோடோபா மாத்திரைக்குக் கட்டுப்படும் அளவுக்குச் சமநிலைத் தடுமாற்றம் பலருக்குக் கட்டுப்படுவதில்லை. பயிற்சியின் தேவை அங்கேதான் எழுகிறது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் என் தந்தையை உடனிருந்து கவனித்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நடப்பதையும் திரும்புவதையும் யோசிக்காமலே செய்ய வைப்பதில் மூளையில் சுரக்கும் டோபமினுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்நோயில் அது குறையும்போது தானாக நிகழ்ந்த நடை தடைப்பட்டாலும், கண்ணுக்கோ காதுக்கோ ஒரு குறிப்புக் கிடைத்தால் கவனித்து அடியெடுத்து வைக்கும் திறன் பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. எங்கள் ஓட்டு வீட்டின் நிலைப்படியை நெருங்கியதும் அப்பாவின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, படிக்கு முன்னால் அடிக்கு ஒன்றாக வெள்ளை நாடாக்களைக் குறுக்கே ஒட்டிய பிறகு, ஒவ்வொரு கோட்டையும் தாண்டுவதாக எண்ணிக்கொண்டு அவர் படியைக் கடந்துவிடுகிறார். மற்ற இடங்களில் அம்மா தொடையில் தட்டித் தாளம் போடுகிறார். (செண்டை கேட்டு வளர்ந்த காதுக்கு அது போதவில்லை என்பது அப்பாவின் குறை.)

தாய் சியில் உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாற்றி, விழாமல் எவ்வளவு சாய முடியுமோ அந்த எல்லை வரை சென்று மீள்கிறார்கள். அமெரிக்காவில் 195 நோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இருமுறையாக 24 வாரங்கள் இதைச் செய்தவர்களின் சமநிலை, தசை வலுப்பயிற்சியோ நீட்சிப் பயிற்சியோ செய்தவர்களைவிட மேம்பட்டது. நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட இவர்கள் குறைவாகவே விழுந்தார்கள். டாங்கோ நடனத்தில் இசைக்கேற்ப நிற்பதும் பின்னோக்கி நடப்பதும் திரும்புவதும் கலந்து வருவதால் அதையும் ஆய்ந்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் இவற்றுக்கு ஆசிரியர் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எடை மாற்றுவதும் தாளத்துக்கு நடப்பதுமே அப்பாவின் பயிற்சி. கூட யாராவது சேர்ந்து செய்தால் அவர் முகம் தெளிகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது பயிற்சியைச் செய்ய வையுங்கள். எழுந்தவுடன் தலை சுற்றினால், இரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். திரும்பும்போது ஒரே இடத்தில் சுழலாமல், வளைவாகச் சில அடிகள் நடந்து திரும்பட்டும். அப்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம். நிற்பதற்கே ஆள் பிடிக்க வேண்டிய நிலையில் உள்ளவர்கள் நாற்காலியில் அமர்ந்தபடி, எதைச் செய்யலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, தொடங்கலாம்.