கேள்வி–பதில்: மண் பாதையில் பாடி வந்த மூவர்

கேள்வி: என் பேத்தி பார்த்துக்கொண்டிருந்த கொரியப் படமொன்றில், ஒரு தகப்பனும் மகளும் மண் பாதையில் பாடிக்கொண்டே வந்தார்கள், பையன் ஒருவன் மேளம் தட்டினான். மொழி புரியாமலே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை எடுத்தவர் யார்?
– ஓய்வுபெற்ற தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, தாங்கள் பார்த்தது 1993இல் வெளிவந்த 'சொப்யோன்ஜே'. இயக்கியவர் இம் குவோன் தேக். தென்மேற்குக் கொரியாவின் ஜாங்சொங் என்ற ஊரில் பிறந்தவர். உறவினரின் இடதுசாரிச் சார்பால் அவர் குடும்பம் அல்லற்பட்டது. கொரியப் போர்க்காலத்தில் பதின்ம வயதிலேயே புசானுக்குப் போய்க் கூலிவேலை செய்த அவர், 1956இல் சியோலில் ஓர் இயக்குநரிடம் சாப்பாட்டுக்கும் தங்க இடத்துக்குமாக எடுபிடியாகச் சேர்ந்தார்.

1962இல் முதல் படம். அடுத்த பத்தாண்டுகளில் ஏறக்குறைய 50 படங்கள்! வெளிநாட்டுப் படங்களைத் தருவிக்க விரும்பிய நிறுவனங்கள் உள்நாட்டுப் படங்களையும் எடுத்தாக வேண்டும் என்று அன்றைய சட்டம் இருந்ததால், கணக்குக் காட்டுவதற்காகவே பல படங்கள் அவசர அவசரமாக எடுக்கப்பட்டன. அந்த ஓட்டத்தில் தாமும் ஓடியதை அவர் பின்னாளில் பெருமையாகக் கருதவில்லை. இருந்தாலும் கை பழகியது அங்கேதான் என்பது என் எண்ணம். 1973இல் தம் சொந்த முயற்சியில் எடுத்த 'களை' என்ற படத்திலிருந்து அவர் தடம் மாறினார். இரண்டு பௌத்தத் துறவிகளின் அலைச்சலைச் சொல்லும் 'மண்டலா' 1981இல் வந்தபோது அந்த மாற்றம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

தங்களைக் கலங்கவைத்த காட்சி ஐந்து நிமிடத்துக்கும் மேலாக வெட்டே இல்லாமல் ஓடுகிறது. முதலில் தொலைவில் மூன்று புள்ளிகள்தாம் தெரிகின்றன. கல் வேலிகளுக்கு நடுவே வளைந்து இறங்கும் பாதையில் நடந்து நம் முன்னால் வந்து சேரும்போது, வாடிய முகத்தோடு கிளம்பியவர்கள் ஆடத் தொடங்கியிருப்பார்கள். அவர்கள் பன்சோரிக் கலைஞர்கள். ஒருவர் பாட, ஒருவர் மேளம் தட்ட, நெடுங்கதையைப் பாட்டாகவே சொல்லும் கலை அது. நெஞ்சில் கட்டிப்போன துயரத்தைக் கொரியர் 'ஹான்' என்பார்கள். அது மகளின் குரலில் ஏற வேண்டும் என்று தகப்பனே மருந்து கொடுத்து அவள் கண்ணைப் பறிக்கிறான். கலைக்காகவே என்றாலும் அந்தக் கொடுமையை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நம் பாட்டிமார் வைத்த ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரல் அந்நியமாகப் படாது. மேற்கத்திய இசையில் மூழ்கியிருந்த சியோலில் மட்டும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். எந்தக் கொரியப் படமும் அதற்குமுன் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. 2002இல் ஓர் ஓவியரின் வாழ்க்கையைச் சொன்ன 'சிஹ்வாசொன்' படத்துக்காகக் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதை இம் இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார்.

கேள்வி: பேத்தியோடு அடுத்து எதைப் பார்க்கலாம்?

பதில்: அதே இயக்குநர் எடுத்து 2000இல் வந்த 'சுன்ஹியாங்'. மேடையில் ஒருவர் பன்சோரி பாடப் பாட, அந்தப் பாட்டே படமாக விரிகிறது. ஆனால் இளந்தம்பதியரின் அந்தரங்கக் காட்சிகள் அதில் உண்டு. பேத்தியின் வயதைத் தாங்கள் எழுதவில்லையாதலால், முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள்.