‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையர்களின் ஆர்டரைக் கவனிப்பவராக, சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. வெளிநாட்டு பையர்களின் மெயிலில் ‘ரன்’ என்ற சொல் விதவிதமாக வருகிறது. அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாக அர்த்தம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம், அது யாராலும் ஆகாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்த ஒரு வினைச்சொல்லைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு 9 மாதம் பிடித்தது. மொத்தம் 645 பொருள்கள். 1989-இல் வந்த பதிப்பில் ‘செட்’ தான் முதலிடத்தில் இருந்தது. இப்போது ‘ரன்’ அதை முந்திவிட்டது.

உங்களுக்குக் கைகொடுக்கப்போவது தமிழ்தான். நாமும் ‘ஓடு’ என்பதைக் காலோடு நிறுத்தவில்லையே! மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மனசு சரியில்லை என்றால் ஒரு வேலையும் ஓடுவதில்லை. ஆனால் நாம் ஓடு, ஓட்டு என்று பிரித்துச் சொல்வதற்கெல்லாம் ஆங்கிலத்தில் ஒரே சொல். ‘தி மெஷின் ரன்ஸ்’ என்றால் மெஷின் ஓடுகிறது. ‘ஹி ரன்ஸ் தி மெஷின்’ என்றால் அவர் மெஷினை ஓட்டுகிறார். எனவே ‘ரன்’ வந்ததும் ‘எதை?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்தால் பெரும்பாலும் ஓட்டு, நடத்து, செய்துபார் என்ற பக்கம்தான்: கம்பெனி, மெஷின், டெஸ்ட். கிடைக்காவிட்டால் ஓடு, பாய், நீடி என்ற பக்கம். ‘ரன்னிங் எ ஃபீவர்’ இதில் அடங்காது, அது காய்ச்சல் அடிப்பது.

அப்புறம், உங்கள் தொழிலில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ‘இந்தக் கலர் நல்லா ஓடுது’ என்று நம் கடைக்காரர் சொன்னால் விற்பனை ஜோர் என்று அர்த்தம். பையர் ‘தி ரெட் இஸ் ரன்னிங்’ என்று எழுதினால், துவைத்ததும் சிவப்புச் சாயம் போகிறது, பக்கத்துத் துணியில் ஒட்டுகிறது என்று புகார் சொல்கிறார். அதற்கு நன்றி சொல்லிப் பதில் போட்டுவிடாதீர்கள், உடனே சாயப்பட்டறைக்குப் போன் போடுங்கள்.

மற்றபடி, பின்னால் ஒட்டிவரும் சின்னச் சொல்லையும் சேர்த்தே படியுங்கள். ‘ரன் லோ’ என்றால் சரக்கு குறைந்துவருகிறது, ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்தேவிட்டது. ‘ரன் த்ரூ’ என்றால் மேலோட்டமாக ஒருமுறை பார்த்துவருவது. ‘ரன் ஓவர்’ மீட்டிங்குக்கு வந்தால் நேரம் தாண்டிவிட்டது, வண்டிக்கு வந்தால் யார்மேலோ ஏறிவிட்டது.

இவற்றில் எது மறந்தாலும் ‘ரன் இட் பை அஸ் ஃபர்ஸ்ட்’ என்பதை மறக்காதீர்கள். முதலில் எங்களிடம் காட்டி எங்கள் கருத்தைக் கேளுங்கள் என்று பொருள். அந்த வரி மெயிலில் இருந்தால், பையரிடமிருந்து பதில் வரும்வரை பல்க் துணியில், அதாவது மொத்த ஆர்டருக்கான துணியில், கத்தரி வைக்கக் கூடாது.