‘தண்ணீர்’ நாவலும் எழுத்துப் பயிற்சியும்: கேள்வி பதில்

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை எழுத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி (பள்ளி ஆசிரியை): பெரிய சம்பவங்கள் இல்லாத இந்த நாவலை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

பதில்: 1973இல் நூலாக வந்த இந்நாவலில், சென்னைத் தெரு ஒன்றில் குடியிருப்பவர்கள் அனைவருக்கும் ஒரே தேவைதான் இருக்கிறது, ஒரு குடம் தண்ணீர். தேவை பொதுவானதாக இருப்பதால், அதற்காக யார் எப்படிக் கெஞ்சுகிறார்கள், யார் விட்டுக்கொடுக்கிறார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதிலேயே ஒவ்வொருவரும் தனித்துத் தெரிந்துவிடுகிறார்கள். அக்கம்பக்கத்தாரைப் பற்றி எழுத விரும்புபவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (கல்லூரி மாணவர்): பாத்திரத்தின் தோற்றத்தையும் குணத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டாமா?

பதில்: சொல்லாமல் எழுதிப் பாருங்கள். அடிபம்பின் முன் ஐந்து பேரை நிறுத்தி, ‘நல்லவள்’, ‘கோபக்காரர்’ போன்ற சொல் ஒன்றுகூட இல்லாமல் ஒரு பக்கம் எழுதும்படி என் வகுப்பில் கேட்பேன். ஒருமுறை ஒரு மாணவி, வரிசையில் நிற்கும் கிழவி தன் குடத்தைக் காலால் ஓர் அங்குலம் முன்னே தள்ளிவிட்டு வேறு பக்கம் பார்ப்பதாக எழுதியிருந்தார். அந்தக் கிழவியைப் பற்றி அதற்குமேல் ஒரு வரியும் தேவைப்படவில்லை.

கேள்வி (சிறுகதை எழுதுபவர்): நாவலின் நாயகியான ஜமுனா மனமுடைந்திருக்கும்போது, அதே தெருவில் வசிக்கும் டீச்சரம்மா அவளிடம் பேசும் இடம் அறிவுரையாகிவிடவில்லையா?

பதில்: ஆகியிருக்கும்; அவர் ஜமுனாவின் துயரத்துக்குத் தீர்வு சொல்ல முயன்றிருந்தால். சீக்காளிக் கணவர், மாமியார், பள்ளிக்கூடம் என்று தன் பாட்டைத்தான் அவர் சொல்கிறார். தேறுதல் சொல்பவருக்கும் தேறுதல் தேவைப்படுவது தெரிவதால்தான் அவர் பேச்சு நமக்குப் போதனையாகக் கேட்பதில்லை. ஆசிரியரின் கருத்தைப் பாத்திரத்தின் வாயில் திணிக்கும் பழக்கம் உள்ளவர்கள் (எனக்கும் நெடுநாள் இருந்தது) இந்தப் பகுதியைக் கையால் படியெடுத்துப் பார்க்கலாம்.

கேள்வி (பயிற்சியாளர்): அடிபம்பையே பார்த்திராத மாணவர்களுக்கு இது புரியுமா?

பதில்: அடுக்குமாடிக் குடியிருப்பில் லாரித் தண்ணீருக்கான பணத்தை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதா என்ற சச்சரவை எழுதச் சொல்லுங்கள், புரிந்துவிடும்.

கேள்வி (அதே பயிற்சியாளர்): முழு நாவலையும் படிக்கச் சொல்லலாமா?

பதில்: தாராளமாக. சிறிய நாவல்தான், ஒரே வாரத்தில் இரண்டு முறை படித்துவிடலாம். இரண்டாம் முறை ஜமுனாவையும் தங்கை சாயாவையும் விட்டுவிட்டு, தெருவில் வந்துபோகும் பெயரில்லாத மனிதர்களை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள்.