கிட் மாற்றும் முன் லீக் டெஸ்ட்

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் நிழல் மரக் கவாத்துக்கு ஸ்டில் எம்.எஸ். 180 செயின்சா வைத்திருக்கிறோம். போன மாதம் வேலை நடுவில் வேகம் தானாக ஏறி அப்படியே நின்றுவிட்டது. கயிறு இழுத்தால் இப்போது கம்ப்ரஷனே இல்லை. சைலன்சரைக் கழற்றிப் பார்த்ததில் பிஸ்டனில் நீளக் கோடுகள். 38 மி.மீ. போர் (சிலிண்டர்)-பிஸ்டன் கிட் வாங்கிவிட்டேன். இதுவரை இன்ஜின் பிரித்ததில்லை. என்னென்ன டூல்ஸ் வேண்டும், எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், ஏற்காடு

வணக்கம்.

கிட் இப்போதைக்கு டப்பாவிலேயே இருக்கட்டும். நிற்பதற்கு முன் வேகம் தானாக ஏறியது என்கிறீர்களே, அதை முதலில் பார்க்க வேண்டும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் அப்படித்தான் ஏறும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், ஆயிலும் பற்றாது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது பிஸ்டன் போட்டால் ஒரு டேங்க் பெட்ரோல் தீருவதற்குள் அதுவும் போய்விடும்.

கோடுகள் எந்தப் பக்கம்? சைலன்சர் பக்கம் மட்டும் என்றால் காற்றுக் கசிவு அல்லது பெட்ரோல் வரத்துக் குறைவு. கார்பரேட்டர் பக்கமும் இருந்தால் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. சுற்றிலும் இருந்தால் ஆயில் கலக்காத பெட்ரோல் ஊற்றினார்களா என்று ஆட்களிடம் கேளுங்கள்.

பிரிப்பதற்கு முன்பே லீக் டெஸ்ட், அதாவது இன்ஜினில் காற்று கசிகிறதா என்ற சோதனை, செய்துவிட வேண்டும். பிரித்துவிட்டால் கசிந்த இடம் தெரியாமலே போய்விடும். பிரஷர், வேக்குவம் இரண்டும் தரும் கேஜ் வைத்த கைப்பம்ப் ஒன்று வாங்குங்கள். இந்த வேலையில் காசு போட வேண்டிய டூல் அதுதான். பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அந்தக் கூட்டில் சிறு பித்தளைக் குழாய் பற்றவைத்தால் பம்ப் ஹோஸ் மாட்ட வழி கிடைத்துவிடும். சைலன்சருக்குப் பின்னால் சைக்கிள் ட்யூப் துண்டு வைத்து முடுக்குங்கள். கார்பரேட்டரைக் கழற்றி அந்த வாயையும், இம்பல்ஸ் ஹோஸையும் (இன்ஜினின் அழுத்தத் துடிப்பைக் கார்பரேட்டருக்குக் கொண்டுபோகும் சிறு குழாய்) அடையுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி 0.5 பார் ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பாருங்கள்: கிராங்க்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரு பக்க ஆயில் சீல், கார்பரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பர், இன்ஜினின் அடித்தட்டு ஒட்டு. பிறகு 0.5 பார் வேக்குவம். பிரஷரில் பிடித்து வேக்குவத்தில் விடும் சீல்கள் உண்டு, ஆகவே ஒன்றோடு நிறுத்தாதீர்கள். இரண்டிலும் முள் நின்றால் டேங்க் ஃபில்டர், பெட்ரோல் ஹோஸில் வெடிப்பு, கார்பரேட்டருக்குள் உள்ள மெல்லிய ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்) விறைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிரிக்கும் டூல்ஸ் அதிகம் இல்லை. ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் டி27 ஸ்டார். நீளக் கம்பி உள்ள டீ கைப்பிடியாக வாங்குங்கள், குட்டை பிட் உள்ளே எட்டாது. 13, 19 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர், ஊசிமூக்குக் குறடு, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ். ஸ்க்ரூவைப் போட முட்டை அட்டை, ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம்.

கிளச் இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். முதல் தடவை பிரிப்பவர்கள் இங்கேதான் எதையாவது உடைக்கிறார்கள். கிராங்க்கை நிறுத்த பிளக் துளைக்குள் நைலான் கயிறு விடுங்கள், ஆனால் பிஸ்டன் ஏறி சைலன்சர் துளையை மூடிய பிறகே. இல்லாவிட்டால் துளை விளிம்பில் கயிறு நசுங்கி அறுந்து உள்ளே தங்கும். மேக்னட் வீலைச் சுத்தியால் ஓங்கி அடிக்காதீர்கள், அதைத் தண்டில் நிலையாகப் பிடிக்கும் சாவி உடைந்தால் பிளக் பொறி விடும் நேரம் (டைமிங்) போயிற்று.

இந்த மாடலில் அடித்தட்டின் நான்கு ஸ்க்ரூவை எடுத்தால் கிராங்க்கும் பிஸ்டனும் சேர்ந்தே வெளியே வரும். கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடலாம், மேல்-கீழ் ஆட்டம் இருக்கவே கூடாது. இருந்தால் கிட் மட்டும் போதாது. ஆயில் சீல் இரண்டும் எப்படி இருந்தாலும் புதிது போடுங்கள்.

பூட்டும்போது பிஸ்டன் மேல் உள்ள அம்பு சைலன்சர் பக்கம். ரிங்கின் வாய் பள்ளத்தில் உள்ள சிறு முளையில் உட்கார வேண்டும். போரை நேராக இறக்குங்கள், திருகினால் ரிங் முனை துளையில் மாட்டி உடையும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் கம்பி வளையமான சர்க்கிளிப்பின் வாய் மேலோ கீழோ இருக்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். பழைய சர்க்கிளிப்பைத் திரும்பப் போடவே கூடாது. அடித்தட்டுக்குச் சாதாரண சிலிக்கான் உதவாது, பெட்ரோலில் ஊறி உரியும். பெட்ரோல் தாங்கும் என்று ட்யூபில் எழுதியிருப்பதை மெல்லிய கோடாகத் தடவுங்கள். காய ட்யூபில் சொன்ன நேரம் விட்டு, மறுபடி அதே லீக் டெஸ்ட். முள் நிற்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மேக்னட்டுக்கும் காயிலுக்கும் இடையே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி, பிளக்கில் 0.5.

பழைய போரை எறியாதீர்கள். உள்ளே ஒட்டியிருப்பது பெரும்பாலும் பிஸ்டனின் அலுமினியம்தான். கையுறை, கண்ணாடி போட்டு, திறந்த வெளியில், பஞ்சுக் குச்சியால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை அந்தத் திட்டில் மட்டும் தொட்டு வையுங்கள். நுரைத்துக் கரைந்ததும் சோடா உப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஆசிட் துளை விளிம்பில் பட்டால் போரையே தின்னும். உள்பூச்சு உரியாமல் இருந்தால், மலிவான கிட்டோடு வரும் போரைவிட இது நல்லது.

பெட்ரோல் புதிதாகக் கலக்குங்கள். ஸ்டில் ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மி.லி., வேறு டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 40. எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் வாரக்கணக்கில் டேங்கில் விட்டுவைக்காதீர்கள்.