கேள்வி-பதில்: ஹைவேயில் ட்ரெய்லர் கழன்றது, பிழை எங்கே?

கேள்வி: போன மாதம் பாரி நகரில் ஒருவரிடம் 16 அடி அலுமினியப் படகும் அதற்கான ட்ரெய்லரும் வாங்கினேன். என் எஸ்யூவியில் முந்தைய சொந்தக்காரர் பூட்டிய ஹிட்ச் பால் (ட்ரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டை) ஏற்கெனவே இருந்தது. ட்ரெய்லரின் மூக்கில் உருண்டையைக் கவ்வும் கப்ளரை அதன்மேல் இறக்கியதும் ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. ஹைவே 400இல் ஒரு குழியில் விழுந்து எழும்பிய உடனே ட்ரெய்லர் கழன்றுவிட்டது. சங்கிலி பிடித்ததால் தப்பினோம். பின் சீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். உருண்டை உடையவில்லை, அப்படியே இருக்கிறது. படகு விற்றவர்மேல் வழக்குப் போடலாமா? புதிதாக என்ன வாங்குவது? (வாசகர், மார்க்கம்)

பதில்: எல்லாரும் முழுசாக வீடு வந்து சேர்ந்தீர்களே, அதுவே பெரிய ஆறுதல். முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உருண்டையின் உச்சியில் படிந்திருக்கும் கிரீஸைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அதன் அளவும், எவ்வளவு எடை தாங்கும் என்பதும் பொறித்திருக்கும். அடுத்து கப்ளரின் மேல்பக்கம் பாருங்கள். அதிலும் ஓர் அளவு இருக்கும். உருண்டையில் 1 7/8 அங்குலம், கப்ளரில் 2 அங்குலம் என்று இருக்கும் என்பது என் ஊகம். உருண்டை உடையாமல் ட்ரெய்லர் கழன்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். கண் பார்த்துச் சொல்லாது. பெரிய கப்ளர் சின்ன உருண்டையின்மேல் அழகாக உட்காரும், பிடி மடங்கும், சத்தமும் கேட்கும். நல்ல ரோட்டில் பேசாமல் பின்னால் வரும். குழியிலோ ரயில் தண்டவாளத்திலோ ட்ரெய்லரின் மூக்கு மேலே துள்ளும்போதுதான் விட்டுவிடும். 2 5/16 அங்குலக் கப்ளரை 2 அங்குல உருண்டையில் வைப்பவர்களுக்கும் இதே கதி.

வழக்கு விஷயம்: ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரிகளிடம் வாங்குவதற்குத்தான். தனியாள் தனியாளுக்கு விற்பதற்கு அது பொருந்தாது. விற்றவர் பொய் சொல்லி விற்றிருந்தால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் உருண்டை உங்கள் காரில் இருந்தது, அவர் விற்றதில் இல்லை. அந்தப் பணத்தையும் நேரத்தையும் நல்ல சாமான் வாங்கச் செலவழியுங்கள்.

கப்ளரில் இருக்கிற அதே அளவில் உருண்டை வாங்குங்கள். எடைக் கணக்கைக் கவனமாகப் போடுங்கள். விற்பவர்கள் சொல்லும் எடை பெரும்பாலும் வெறும் படகின் எடை. எஞ்சின், பேட்டரி, பெட்ரோல், ஐஸ் பெட்டி, ட்ரெய்லர் எல்லாம் அதன்மேல் சேர வேண்டும். ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்து 1,360 கிலோவை எட்டினால் ஒன்ராறியோவில் ட்ரெய்லருக்கே பிரேக் இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்புறம், ஒவ்வொரு முறை பூட்டும்போதும் இதைச் செய்யுங்கள். பிடியை மடக்கி, பின்னைச் செருகிய பிறகு, ட்ரெய்லரின் முன் ஜாக்கைச் சுற்றி மூக்கை மேலே தூக்குங்கள். காரின் பின்பக்கமும் கூடவே எழும்ப வேண்டும். கப்ளர் மட்டும் உருண்டையை விட்டு மேலே வந்தால், நீங்கள் அன்றைக்கு வந்தது போலத்தான் வரப்போகிறீர்கள். ஒரு நிமிட வேலை. யார் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.

உங்களைக் காப்பாற்றிய சங்கிலியையும் பாருங்கள். அந்த அதிர்ச்சியில் கொக்கி விரிந்திருந்தாலோ வளையம் நீண்டிருந்தாலோ மாற்றிவிடுங்கள். இரண்டு சங்கிலிகளையும் கப்ளருக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்ட வேண்டும். கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும். வளைவில் திரும்பத் தளர்வு வேண்டும், ஆனால் தரையில் உரசக்கூடாது.

கேள்வி: ஆன்லைனில் ஒரு ஹிட்ச் பால் கடை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது. இரும்பு இரும்புதானே? (வாசகி, ஸ்காபரோ)

பதில்: மேலே அளவும் எடையும் பொறிக்காத உருண்டை இனாமாக வந்தாலும் வேண்டாம். பொறித்திருந்தால், அடுத்து கீழே இருக்கும் தண்டைப் பாருங்கள். உருண்டையின் அளவு ஒன்றாக இருந்தாலும் தண்டு முக்கால் அங்குலம், ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குலம் என்று வேறுபடும். உருண்டையைத் தாங்கும் பால் மவுண்டின் துளைக்கு அது பொருந்த வேண்டும். துளை தண்டைவிட அங்குலத்தில் 16இல் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு கராஜில் என் காருக்குப் பூட்டித் தந்தார்கள். ஓர் அங்குலத் துளை, முக்கால் அங்குலத் தண்டு, நடுவில் இடைவெளியை நிரப்பும் வளையம் (புஷ்) கிடையாது. பெரிய வாஷரைப் போட்டு மறைத்திருந்தார்கள். இரண்டு பயணம் போய்வந்து குனிந்து பார்த்தால் நட் என் விரலுக்கே சுற்றியது. கழற்றியபோது தண்டின் கழுத்தில் தலைமுடி போல ஒரு கோடு. பக்கத்து வீட்டு மெக்கானிக் அதை வைஸில் வைத்து ஒரே அடியில் உடைத்துக் காட்டினார். உடைந்த முகத்தில் பாதி துருப்பிடித்துக் கறுத்திருந்தது. மற்றப் பாதி வெள்ளி போலப் பளபளத்தது. கறுத்த பாதி முன்பே வெடித்துப் பிளந்தது. பளபளத்த பாதிதான் அதுவரை ட்ரெய்லரைத் தாங்கியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றேன்.

நட் தளர்ந்தால் தண்டு ஆடும். ஆட ஆட ஒரே இடத்தில் வளைந்து நிமிர்ந்து வெடிப்பு விழும். அதனால் இறுக்கம்தான் உயிர். நட்டை இறுக்கும் விசை ஓர் அங்குலத் தண்டுக்குப் பொதுவாக 250 அடி-பவுண்டு, முக்கால் அங்குலத்துக்கு 160 என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். கார் சக்கர நட்டுக்கே 100 சுற்றுவட்டாரம்தான் வரும். வீட்டு ஸ்பானரால் முடியாது. டயர் கடையில் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கித் தரச் சொல்லுங்கள், முன்னால் நின்று பாருங்கள். பழைய உருண்டை தட்டையாகத் தேய்ந்திருந்தாலோ, துருப் பள்ளம் விழுந்திருந்தாலோ துடைத்துப் போடாமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: உருண்டையில் 6,000 இறாத்தல் என்று இருக்கிறது. கார் கையேட்டில் 3,500. எது கணக்கு? (வாசகர், பிரம்ப்டன்)

பதில்: 3,500. கார், ரிசீவர் (பால் மவுண்டைச் செருகும் காரின் சட்டம்), பால் மவுண்ட், உருண்டை, கப்ளர் ஆகியவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. அந்த எடையில் 10 முதல் 15 சதவீதம் உருண்டைமேல் இறங்குகிற மாதிரிச் சுமையை அடுக்குங்கள். பின்பக்கம் பாரமானால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கிவிடும்.

கேள்வி: பனியில் புதைந்த நண்பரின் வானை என் ஹிட்ச் பாலில் பட்டி கட்டி இழுக்கலாமா? (வாசகர், ஏஜாக்ஸ்)

பதில்: கூடவே கூடாது. ட்ரெய்லரை இழுப்பதற்குச் செய்த உருண்டை அது, வெடுக்கென்று வரும் இழுவைக்குச் செய்ததில்லை. முறிந்தால் பட்டியின் விசையோடு பறந்துவந்து கண்ணாடியை உடைத்து உள்ளே போகும். அப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கார் கையேட்டில் இழுவைக் கொக்கி எங்கே திருகுவது என்று படம் இருக்கும், கொக்கி பெரும்பாலும் ஸ்பேர் டயர் பக்கத்தில் கிடக்கும். அது இல்லையென்றால் வழியில் நின்ற வண்டிக்கு உதவும் சிஏஏயைக் கூப்பிட்டுவிட்டு ஹீட்டரைப் போட்டுக் காத்திருங்கள். புகைக்குழாயை மூடிய பனியை மட்டும் முதலில் அள்ளிப் போட்டுவிடுங்கள்.