சாணை பிடிக்கிற வேலையா என்று கேட்ட தண்டையார்பேட்டை அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த மகனுக்குக் கிரைண்டிங் வீல் கம்பெனியில் அப்ளிகேஷன் இன்ஜினியர் வேலை வந்திருக்கிறது. "மூணு வருஷம் படிச்சது சாணை பிடிக்கவா?" என்கிறீர்கள். பக்கத்துத் திருவொற்றியூரில் 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் இந்தச் சாணைப் பொருளை வைத்தே வளர்ந்த நிறுவனம்தான்.

தம்பி சாணை பிடிக்கப் போவதில்லை. பட்டறை பட்டறையாகப் போய், எந்த வேலைக்கு எந்த டிஸ்க் என்று ஓட்டிக்காட்டிச் சொல்ல வேண்டும். இப்போது விலை கூடிய செராமிக் டிஸ்க்கைத்தான் விற்பனையாளர்கள் பலரும் முன்னால் வைக்கிறார்கள். டிஸ்க்கில் இரும்பை வெட்டுவது அதிலுள்ள பொடிப்பொடி மணிகள்தான். சாதாரண டிஸ்க்கிலுள்ள அலுமினியம் ஆக்சைடு மணி, உலையில் உருக்கி உடைத்தது. முனை மழுங்கியதும் வெட்டாமல் தேய்க்கும். சூடேறி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நீலம் பாய்ந்துவிடும். செராமிக் மணி ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய படிகங்களைச் சுட்டு இறுக்கியது. துளித்துளியாக உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் புது முனை காட்டும். அதனால் சூடும் குறைவு, டிஸ்க் அதிக நாள் உழைக்கும்.

ஆனால் அழுத்தம் வேண்டும். சக்தி குறைந்த மெஷினில், பயந்து பயந்து லேசாகப் பிடித்தால் மணி உடையாது; பளபளவென்று மழுங்கி நிற்கும். "காசைக் கரியாக்கினேன்" என்று பட்டறை முதலாளி திட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எப்போதாவது மைல்ட் ஸ்டீலில் பிசிறு எடுக்கும் பட்டறைக்கு இது வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவனைத்தான் முதலாளி மறுபடி கூப்பிடுவார்.

கணக்கும் பழக வேண்டும். உதாரணத்துக்கு, 60 ரூபாய் டிஸ்க் 10 பீஸ் முடித்தால் பீஸுக்கு 6 ரூபாய். 180 ரூபாய் டிஸ்க் 40 பீஸ் முடித்தால் 4.50. டிஸ்க் மாற்றும் நேரம் மிச்சமாவது தனி. வேலைக்கு முன்னும் பின்னும் பீஸையும் டிஸ்க்கையும் எடை போட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். பேச்சு சாமர்த்தியத்தைவிட அந்த நோட்டுதான் சம்பளத்தை ஏற்றும்.

உங்கள் பயத்தில் ஒரு பாதி நியாயம். டிஸ்க்கின் விளிம்பு வினாடிக்கு 80 மீட்டர் வரை ஓடலாம். மணிக்கு 288 கிலோமீட்டர். டிஸ்க்கை மூடியிருக்கும் காப்புத் தகட்டை (கார்டு) கழற்றிய மெஷினில் டெமோ காட்டவே கூடாது. கண்ணாடியும் மாஸ்க்கும் கம்பெனி தருகிறதா என்று கேட்கட்டும்.

சேரும் முன் இன்னும் இரண்டு கேள்வி: மாத விற்பனை டார்கெட் உண்டா? அம்பத்தூர், எண்ணூர் என்று அலைய பெட்ரோல் காசு சம்பளத்துக்குள்ளா, தனியா? பதிலை ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.